பச்சைக் கண் டப்பா

இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வாய்ச் சத்தியம் அல்ல; இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து, கால் விரலைக்கூட மடக்காமல் செய்கிற சத்தியம். இதில் ஒரு காற்புள்ளி பொய் என்று யாராவது நிரூபித்தால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் கிடையாது.

அன்று நண்பகல், அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடிக் கீழ்த்தளத்தில், கார்கள் நிற்கும் இடத்துக்கு நடுவே, துப்பறியும் மூக்கர் முழங்காலிட்டுத் தரையில் இருந்த தண்ணீரை முகர்ந்துகொண்டிருந்தார்.

மூக்கர் என்பது பட்டப்பெயர். கண்ணை நம்பாதவர்; மூக்கால் துப்பறிபவர். ஒருமுறை காணாமல்போன கணவன் ஒருவனை, அவன் சட்டையில் ஒட்டியிருந்த வெங்காய வாடையை வைத்தே மூன்று ஊர் தள்ளி இன்னொரு வீட்டுச் சமையலறையில் பிடித்தார். அந்த வெங்காயத்தை நறுக்கிய கை யாருடையது என்பதையும் சொன்னார். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் அவருடைய உதவியாளர், அவருடைய மாமியாரும்கூட. பழைய உதவியாளன் வேறு வேலை கிடைத்துப் போனதும், "அம்மா சும்மாதானே இருக்காங்க" என்று மனைவி செய்த நியமனம் இது. துப்பறியும் உலகத்தில் எந்தக் கொலைகாரனும் மூக்கரை இப்படி மடக்கியதில்லை.

"தண்ணி," என்றார் மூக்கர்.

"இதுக்கா மாப்பிள்ளை முட்டி போட்டீங்க? நான் உக்காந்த இடத்துலேர்ந்தே சொல்லியிருப்பேனே."

"சாதாரணத் தண்ணி இல்ல அத்தை. கார் ஏ.சி.லேர்ந்து சொட்டுற தண்ணி. ஓடுற கார்னா வழியெல்லாம் சொட்டிட்டுப் போகும். இது ஒரே இடத்துல குளம் கட்டியிருக்கு. அப்படின்னா, ஒரு கார் இங்க நின்னுக்கிட்டே ரொம்ப நேரம் ஏ.சி. ஓட்டியிருக்கு."

"ஒரு சொட்டுத் தண்ணியில இவ்வளவு தெரியுதா. வீட்டுல குழாய் சொட்ட ஆரம்பிச்சு எத்தனை மாசம் ஆச்சு, அது மட்டும் ஏன் உங்க மூக்குக்கு எட்டல?"

இந்தப் பேச்சுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மூன்றாவதாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். குடியிருப்பின் காவலாளி. வழக்கே அவரைப் பற்றியதுதான். மதிய உணவு முடித்ததும் தன் கூண்டுக்குள்ளேயே இரண்டு முறை பேச்சு மூச்சில்லாமல் சரிந்து கிடந்தார். குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்றார் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். இன்று மாலை கமிட்டி கூடி அவரை அனுப்பிவிடப் போகிறது. வேலை போனால் மாடிப்படிக்கு அடியில் இருக்கிற அறையும் போகும். அந்த அறையில்தான் அவர் மனைவியும் இரண்டு பெண்களும் இருக்கிறார்கள்.

மூக்கரை அமர்த்தியவர் செயலாளர்தான். வேலை சுலபம். ஆளை முகர்ந்து பார்த்து, "குடிகாரன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூக்கரும் காலையில் வந்ததும் காவலாளியின் வாயருகே குனிந்து, கண்ணை மூடி, நீளமாக இழுத்துப் பார்த்தார். பற்பசையும் பசியும்தான் அடித்தது. மனிதர் கூனிக் குறுகி நின்ற விதத்தைப் பார்த்ததும், எழுத எடுத்த பேனாவை மூக்கர் பைக்குள் திரும்பப் போட்டார்.

"மயங்கறதுக்கு முன்னாடி என்ன ஆகும்?" என்று இப்போது கேட்டார்.

"தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்கும் சார். கொட்டாவியா வரும். அப்புறம் எதுவும் தெரியாது. கண்ணை முழிச்சா ஆஸ்பத்திரி."

"தலைவலியா? வீட்டுல மாமியார் கூட இருக்காங்களோ?"

"காலமாயி ரொம்ப வருஷம் ஆச்சுங்க."

"புண்ணியவதி, தப்பிச்சுட்டா," என்றார் மாமியார்.

மூக்கர் தண்ணீர் கிடந்த இடத்தைச் சுற்றி வந்தார். விருந்தாளிகளின் வண்டிக்கென்று ஒதுக்கிய இடம் அது. காவலாளியின் கூண்டுக்குச் சரியாகப் பின்புறம். நடுவில் ஒரு சுவர், சுவரில் காற்றுக்காக விட்ட ஒரு துளை.

"கூண்டுலேர்ந்து இந்த இடம் உங்களுக்குத் தெரியாதா?"

"கூண்டுல உக்காந்தா எனக்கு முன்னாடி மட்டுந்தான் சார் தெரியும். கார் வர்றது போறது தெரியும், எங்க போய் நிக்குதுன்னு தெரியாது. மத்தியானம் ஷட்டரை வேற இறக்கிடணும். திருட்டு பயம்னு செயலாளர் சார் உத்தரவு. மாடிப்படிக் கதவும் எப்பவும் பூட்டித்தான் இருக்கும். லிஃப்ட்டுக்குக் குடியிருக்கறவங்ககிட்ட மட்டும் கார்டு."

"அது என்ன?"

எதிர்த் தூணில், முழங்கால் உயரத்தில், பச்சைக் கண்ணோடு ஒரு வெள்ளை டப்பா.

"விஷவாயு வந்தா கத்துற டப்பா சார். கத்துச்சுன்னா ஷட்டர் தானா ஏறும், அந்தப் பெரிய காத்தாடிங்க எல்லாம் சுத்தும். மத்தபடி காத்தாடி சுத்தாது, கரன்ட் வீணாம்." காவலாளிக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்தது. "இதை வாங்கின கதையைக் கேளுங்க. மூணு கம்பெனிக்காரங்க வந்தாங்க. முதல் ஆளு, தூணுக்குத் தூண் மூக்கு உயரத்துல ஒண்ணு வெக்கணும், வருஷா வருஷம் சோதிக்கணும்னார். கமிட்டி கொட்டாவி விட்டுது. ரெண்டாவது ஆளு சுவத்துல படம் போட்டுக் காட்டினார். விளக்கை அணைச்சாங்களா, பாதிப் பேரு தூங்கிட்டாங்க. மூணாவது ஆளு பேசவே இல்ல. லைட்டரை எடுத்தார், பத்த வெக்காம டப்பாகிட்ட புஸ்ஸுனு ஒரு அமுக்கு. கட்டடமே அலறிப் போச்சு. செயலாளர் சார்தான் முதல்ல கை தட்டினது. அங்கயே வாங்கியாச்சு."

"அதுக்கப்புறம் கத்துச்சா?"

"ஒரே ஒரு தடவை. சிலிண்டர் போடுறவர் ஒழுகுற சிலிண்டரை இங்க இறக்கி வெச்சப்போ. ஊரே ஓடுச்சு. ஆனா காலையில அத்தனை காரும் ஒண்ணா உறுமிக்கிட்டு நிக்கும் பாருங்க, அப்ப வாயைத் திறக்காது. பழகின டப்பா சார். காருன்னா அதுக்குப் பயமில்ல."

மூக்கர் தலையை ஆட்டினார். "நீங்க மயங்கினப்பவும் கத்தல. அப்ப காத்து சுத்தம். எனக்கும் பெட்ரோல் வாடை, ரப்பர் வாடை தவிர எதுவும் வரல." குரலைத் தாழ்த்தினார். "யாரோ ஒருத்தன் மத்தியானம் இந்த இடத்துல காரை நிறுத்தி, இந்தத் துளை வழியா உங்க சாப்பாட்டுல மருந்து தூவுறான். இன்னிக்கும் வருவான். நாங்க ஒளிஞ்சிருந்து பிடிக்கறோம். நீங்க மேல போய் வாசல்ல நில்லுங்க."

காவலாளி மாடிப்படி வழியாக ஏறினார். உத்தரவை மீறாத மனிதர். தான் போனதும் கதவைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோனார்.

அவர் போன சற்று நேரத்தில், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பழைய கார் சரிவில் இறங்கியது. பின்னாலேயே ஷட்டர், வயிறு நிறைந்த யானை படுப்பதுபோல் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. அடியில் ரப்பர் விளிம்பு. வெளிச்சம் ஒரு கோடாகி, கோடும் மறைந்தது. கார் நேராக விருந்தாளி இடத்துக்கு வந்து, பின்புறத்தைத் துளையோரம் காட்டி நின்றது. என்ஜின் நிற்கவில்லை.

தூணுக்குப் பின்னால் மூக்கர் ஒரு விரலை உயர்த்தினார். பொறுங்க, இறங்கட்டும், கையும் களவுமாகப் பிடிப்போம் என்பது அதன் பொருள்.

யாரும் இறங்கவில்லை. காருக்கு அடியில் சொட்டு விழ ஆரம்பித்தது. மூக்கரின் முகத்தில் பெருமை. தன் துப்பு கண்ணெதிரே சொட்டுவதைப் பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்.

"ஆள் ரொம்ப அழுத்தக்காரன்," என்று கிசுகிசுத்தார்.

"இறங்காம என்ன பண்றான்?"

"திட்டம் போடுறான்."

"நல்லா பெரிய திட்டம்தான் போல. நான் உக்காந்துக்கறேன்." மாமியார் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். பிறகு இன்னொன்று.

மூக்கரின் நெற்றிப்பொட்டில் யாரோ ஆணி அடிப்பது போலிருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மாமியாரோடு அரை நாள் கழித்தால் வருகிற வழக்கமான தலைவலி என்று விட்டுவிட்டார். அந்தக் கணக்குத்தான் ஏறக்குறைய அவர் கணக்கையே தீர்த்திருக்கும். தூண் இரண்டாகத் தெரிந்தது. அதற்கும் மாமியார்தான் காரணம் என்று நினைத்தார்.

"மாப்பிள்ளை," என்றார் மாமியார் கொஞ்ச நேரம் கழித்து. குரல் இழுத்தது. "தப்பா நினைக்காதீங்க. உங்களோட வந்தா எனக்கு எப்பவும் தலைவலி வரும். இன்னிக்கு ரொம்ப அதிகமா இருக்கு."

"எனக்கும்தான் அத்தை. உங்களாலன்னு நினைச்சு பேசாம இருந்தேன்."

கல்யாணமான நாளிலிருந்து இருவரும் இவ்வளவு மனம்விட்டுப் பேசியதில்லை. என்ஜின் முனகிக்கொண்டிருந்தது.

மூக்கரின் மண்டைக்குள் ஒரு சக்கரம் மெல்லச் சுழன்றது. "காவலாளிக்கும் இதே தலைவலி. இதே கொட்டாவி."

"ஆமா."

"அவருக்கு மாமியார் இல்ல."

மாமியார் நிமிர்ந்தார். "மாப்பிள்ளையும் இல்ல."

"மருந்தும் இல்ல, தூவுறவனும் இல்ல. அந்தக் கார்தான். புகையில நமக்குத் தெரியுற வாடைக்குள்ள, வாடையே இல்லாத ஒரு விஷவாயு ஒளிஞ்சிருக்கு அத்தை. மூக்கால பிடிக்க முடியாத ஒரே திருடன்." சொல்லும்போதே மூக்கருக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வருஷம் சோறு போட்ட மூக்கு, காலை வாரிவிட்டது.

ஓடினார்கள். ஓட்டம் என்று சொல்வது மரியாதைக்காக. சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். கார்க் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்த மூக்கர் அப்படியே நின்றார். சாய்ந்த இருக்கையில், வாய் பிளந்து, கன்னம் சிவந்து, கல்யாண மாப்பிள்ளைக் களையோடு கிடந்தவர் செயலாளர். கழுத்துக்கு அடியில் சின்னத் தலையணை. கால்மாட்டில் கழற்றி வைத்த நடைப்பயிற்சிக் காலணி.

"இவரா? நம்மளை வேலைக்கு வெச்சவரே இவர்தானே."

"தூங்க வந்திருக்கார் அத்தை. முன்னாடி ரெண்டு தடவையும் இவர்தான்."

கதவு நான்கும் பூட்டு. தட்டினார்கள், குத்தினார்கள், கூப்பிட்டார்கள். மனிதர் அசையவில்லை. ஷட்டரின் ரிமோட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சாவிக்கொத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மூக்கர் மடக்கு நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் ஓங்கி அடித்தார். நாற்காலி மடங்கியது, அது அதற்கான வேலை. மாடிப்படிக் கதவை இடித்தார்கள். காவலாளி அங்கே இல்லை, வாசலில் நின்றார். லிஃப்ட் கார்டு கேட்டது. கைப்பேசி சிக்னல் இல்லை என்று கைவிரித்தது. ஷட்டருக்கு அடியில் கடிதம்கூட நுழையாது.

எதிர்த் தூணில் டப்பா பச்சைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாம் நலம் என்றது.

மாமியாரின் கால் மடிந்தது. தூணில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்தார். டப்பா இப்போது அவர் முகத்துக்கு நேராக இருந்தது. அதன் பக்கவாட்டில் நகம் அளவுக்கு ஒரு படம். ஒரு அடுப்பு, அதன்மேல் ஒரு பாத்திரம்.

"அடப் பாவிகளா," என்றார் மெதுவாக. "இது சமையல்கட்டு டப்பா மாப்பிள்ளை. எங்க வீட்டுல அடுப்பு மேடைக்குக் கீழ இதையேதான் மாட்டியிருக்கேன். சிலிண்டர் ஒழுகினா கத்தும். இதுகிட்ட நூறு காரைக் கொண்டாந்து நிறுத்தினாலும், பாலு பொங்கலையேன்னு பாத்துக்கிட்டு நிக்கும்."

மூக்கரும் அவர் பக்கத்தில் தரையில் அமர்ந்தார், நிற்க முடியவில்லை. "லைட்டருக்குக் கத்தினது. சிலிண்டருக்குக் கத்தினது. காருக்குக் கத்தல." எல்லாம் சற்று முன்பே கையில் கிடைத்த துப்பு. "அப்ப இப்பவும் லைட்டர் காட்டினா கத்தும். ஷட்டர் ஏறும்."

"ஏறும்."

"ஆனா நம்மகிட்ட லைட்டர் இல்லையே அத்தை."

இதைச் சொன்னபோது மூக்கரின் லைட்டர் அவருடைய இடது காலுறைக்குள் இருந்தது. மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்து சிகரெட்டை விட்டு இரண்டு வருஷம். காலுறையில் லைட்டர் குடிவந்தும் இரண்டு வருஷம். மூக்கர் தராசைத் தூக்கினார். ஒரு தட்டில் மூன்று உயிர், மறு தட்டில் மாமியார் முகத்தில் இனி வாழ்நாள் முழுக்க விழிக்க வேண்டிய காலை வேளைகள். வெட்கக்கேடு, முள் சற்று நேரம் நடுவிலேயே ஆடியது. பிறகு ஒன்று தோன்றியது. இங்கே செத்தாலும் சோதனை செய்கிறவர்கள் காலுறையைக் கழற்றுவார்கள். எப்படியும் தெரியத்தான் போகிறது.

"அத்தை, ஒண்ணு சொல்லணும்."

"இடது கால்," என்றார் மாமியார், கண்ணைத் திறக்காமலே.

"எப்படி..."

"வீட்டுக்குள்ள வந்தா வலது காலுறையைக் கூடத்துலயே கழட்டறீங்க. இடது காலுக்கு மட்டும் குளியலறைக்குப் போறீங்க. இதைக் கண்டுபிடிக்க மூக்கா வேணும்?"

"அப்ப உங்களை எனக்கு உதவியா அனுப்பினது..."

"உதவியா? நல்ல கதை. என் பொண்ணுக்கு நான் துப்பறியறேன். உங்களுக்குச் சும்மா கூட வர்றேன். எடுங்க சீக்கிரம், செத்துத் தொலைக்கப் போறோம்."

மூக்கர் காலுறைக்குள் விரலை விட்டார். விரல் யாருடையதோ போலிருந்தது. லைட்டரை டப்பாவின் துளையருகே வைத்து, சக்கரத்தை உருட்டாமல் அமுக்கினார். சத்தமே இல்லை. குலுக்கினார். மறுபடி அமுக்கினார். கிழவன் இருமுவதுபோல் ஒரு சின்ன மூச்சு.

"காலியா?" என்றார் மாமியார். "அடேயப்பா, அவ்வளவா பிடிச்சிருக்கீங்க?"

பச்சைக் கண் ஒருமுறை சிமிட்டியது. யோசித்தது. மஞ்சளானது. மூக்கர் லைட்டரை இரண்டு கைகளாலும் பிடித்து, மிச்சம் இருந்த உயிரையெல்லாம் கட்டைவிரலுக்கு அனுப்பினார். கண் சிவந்தது.

கட்டடம் அலறியது. கூரையில் காத்தாடிகள் தூசியைத் துப்பிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தன. ஷட்டர் முனகியபடி ஏறியது. அதன் அடியில் முதலில் ஒரு கோடு வெளிச்சம், பிறகு இரண்டு கால்கள், பிறகு காவலாளி. காரைப் பார்த்தார், துளையைப் பார்த்தார், தன் கூண்டைப் பார்த்தார். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற இரும்புக் கட்டையை எடுத்துப் பின்கதவுக் கண்ணாடியை உடைத்தார். உள்ளே கை விட்டுக் கதவைத் திறந்து, என்ஜினை அணைத்து, செயலாளரை அக்குளில் கை கொடுத்து இழுத்து, சரிவின் உச்சியில் வெயிலில் கிடத்தினார். திரும்பி ஓடிவந்து மாமியாரைத் தூக்கினார். மூக்கர் தானே தவழ்ந்து வந்துவிட்டார். அவரிடம் இன்னும் கொஞ்சம் மானம் பாக்கியிருந்தது.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து வட்டம் கட்டினார்கள். கமிட்டியில் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். செயலாளர் கண்ணைத் திறந்தார்.

"என் வீட்டுல சொல்லிடாதீங்க," என்றார். "மத்தியானம் தூங்கக் கூடாது, நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். நடந்துக்கிட்டிருக்கேன்னு சொல்லுங்க."

கையில் காலி லைட்டரோடு உட்கார்ந்திருந்த மூக்கர் அவரை உடன்பிறந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அப்போதுதான் காவலாளி குனிந்தார். செயலாளரின் வாயருகே மூக்கை வைத்து, கண்ணை மூடி, நீளமாக ஒருமுறை இழுத்தார். வட்டம் மூச்சடக்கி நின்றது. காவலாளி நிமிர்ந்து மூக்கரைப் பார்த்தார்.

"சாராய வாடை இல்லீங்க சார். எழுதிக் குடுக்கட்டுமா?"

செயலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாலையில் கமிட்டி கூடவில்லை. அடுத்த வாரம் கூடியது, காவலாளியை அனுப்புவதற்கு அல்ல. கொட்டாவி விட வைத்த அந்த முதல் கம்பெனிக்காரரை மறுபடி வரவழைத்தார்கள். இந்தத் தடவை யாரும் தூங்கவில்லை. காரை உறும விட்டுக் காட்டினால் கத்த வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் வாங்குவது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூக்கு உயரம் என்றால் எவ்வளவு என்று கேள்வி வந்தபோது, மூக்கரைத் தூணுக்குத் தூண் நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டார்கள். அந்த மூக்கு அந்த வழக்கில் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

லைட்டர் என்ன ஆயிற்று என்றால், மாமியார் அதைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அத்தை, வீட்டுல..."

"சாட்சிப் பொருள் மாப்பிள்ளை. நீங்க நடந்துக்கற விதத்தைப் பாத்துத்தான் கோர்ட்டுல காட்டறதா வேணாமான்னு சொல்லுவேன். முதல்ல அந்தக் குழாயை ரிப்பேர் பண்ணுங்க."

அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. அதற்குக் கீழ்த்தளம் கிடையாது. கட்டிய நாளிலிருந்து கார்களை மொட்டை மாடியில்தான் நிறுத்துகிறார்கள்.